‘பில் அப்டேட்’ என்று எழுதும் தம்பி, நாற்பது குறிப்பு எழுதும் அக்கா

மதுரையில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் டீம் லீடாக இருக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய குழுவில் ஐந்து மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் சேர்ந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிக் கல்வி, பிறகு பொறியியல், குடும்பத்தில் முதல் பட்டதாரி. தினமும் பஸ்ஸில் வந்து போகிறார். வேலை தெரிந்தவர், சொன்ன நேரத்தில் முடித்துவிடுகிறார். ஆனால் அவர் எழுதும் கமிட் செய்திகள் (நிரலில், அதாவது புரோகிராமில், செய்த ஒரு மாற்றத்தைப் பதிவுசெய்யும்போது கூடவே எழுதும் குறிப்புகள்) ‘ஃபிக்ஸ்’, ‘சேஞ்சஸ்’, ‘ஃபைனல்’, மறுநாள் ‘ஃபைனல் 2’ என்ற அளவோடு நின்றுவிடுகின்றன.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் மொத்தம் ஓரிரு ரூபாய் குறைவாக வருவதாகக் கணக்காளர் போன் செய்திருக்கிறார். தேடிப் பார்த்ததில், தம்பி செய்த ஒரு மாற்றத்தில் போய் நின்றது. செய்தி: ‘பில் அப்டேட்’. அதை அப்படியே பின்வாங்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு மருந்துக்கடைக்காரர் கோபமாகப் பேசினார். ஒவ்வொரு பொருளின் தொகையும் முழு ரூபாயாக வர வேண்டும் என்று அவர் கேட்டதற்காகத்தான் அந்த மாற்றம் செய்யப்பட்டது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

அந்த ஆத்திரத்தில், தம்பியின் அடுத்த மாற்றத்தைச் சேர்க்கும் முன் சரிபார்க்கும் ரிவ்யூவில் இந்தச் சகோதரி நாற்பதுக்கு மேல் குறிப்புகள் எழுதிவிட்டார். ‘தவறு’, ‘மாற்றவும்’, ‘ஏன் இப்படி?’, ‘முன்பே சொன்னேன்’. குழுவில் எல்லோரும் அவற்றைப் பார்க்க முடியும். அன்று முதல் தம்பியிடமிருந்து ‘ஓகே மேடம்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. இப்போது ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு நீளநீளமான ஆங்கிலத்தில் கமிட் செய்தி எழுதுகிறார். சகோதரியோ இரவில் உட்கார்ந்து அவருடைய நிரலைத் தானே திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். தகுதிகாண் காலம் முடிய மூன்று வாரங்கள் இருக்கின்றன. நிர்வாகி அறிக்கை கேட்கிறார்.

“அவனுக்கு இங்கிலீஷ் வராததுதான் அடிப்படைப் பிரச்சினை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பலாமா? பழைய கமிட் செய்திகளை எல்லாம் அவனையே உட்கார்ந்து திருத்தச் சொல்லலாமா? நிர்வாகிக்கு என்ன எழுதிக் கொடுப்பது? வேண்டாம் என்று எழுத மனம் வரவில்லை, இப்படியே ஓட்டவும் முடியவில்லை” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “என்னிடம் வாயே திறக்க மாட்டான், டீ குடிக்கப் போனால் மட்டும் இன்னொரு பையனிடம் ‘அண்ணே, அண்ணே’ என்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பான்.” உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பாதி இந்த வரியிலேயே இருக்கிறது. அவர் கேட்கத் தெரியாதவர் அல்ல. எங்கே கேட்டால் அடி விழாதோ அங்கே கேட்கிறார். ஆர்வமில்லாத பையனாக இருந்தால் டீக்கடையில் வேலையைப் பற்றி ஏன் பேச வேண்டும்? சினிமாவைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருப்பார்.

ஆங்கிலம்தான் குறையா?

‘பில் அப்டேட்’ என்ற இரண்டு சொற்களில் ஆங்கிலப் பிழை எதுவும் இல்லை. ஆங்கில வழியில் படித்துச் சரளமாகப் பேசுகிறவர்களும் இதையேதான் எழுதுகிறார்கள். உங்கள் குழுவின் கமிட் வரலாற்றை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மற்ற ஏழு பேரும் ‘மைனர் ஃபிக்ஸ்’ என்று எழுதிய இடங்கள் நிறையவே கிடைக்கும். அவர்களை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்தச் செய்தியில் இல்லாதது காரணம். எந்த வரி மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. இந்தத் தம்பிக்குக் காரணம் தெரியுமா? வேலையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘பொருள் தொகையை முழு ரூபாயாக்கவும்’ என்று ஒற்றை வரி. மருந்துக்கடைக்காரரிடம் போனில் பேசியவர் நீங்கள். சில்லறை பைசா அச்சாவதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள் என்று அவர் சொன்னது உங்கள் காதில்தான் விழுந்தது. காரணம் தெரியாத ஒருவரால் அதை ஆங்கிலத்திலும் எழுத முடியாது, தமிழிலும் எழுத முடியாது. ஆறு மாத ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இதைச் சரிசெய்யாது. அவர் தன் விருப்பத்தின்பேரில் படிக்க நினைத்தால் படிக்கட்டும், நல்லதுதான். இந்தக் குறைக்கான மருந்தாக அதை அவர் தலையில் கட்டாதீர்கள். ‘என் தமிழ் வழிப் படிப்புதான் தப்பு’ என்ற எண்ணம் அவர் மனதில் ஏற்கெனவே இருக்கும். நீங்களும் அதை உறுதிப்படுத்த வேண்டாம்.

அந்த பில்லையே எடுத்துக்கொள்வோம். மூன்று துணிகள்: 100.40, 200.40, 300.40 ரூபாய். கூட்டினால் 601.20, முழு ரூபாயாக்கினால் 601. ஒவ்வொன்றையும் முதலில் முழு ரூபாயாக்கிவிட்டுக் கூட்டினால் 600. ஜவுளிக்கடைக் கணக்காளர் கண்டுபிடித்த ஒரு ரூபாய் இதுதான். இப்போது, தம்பி அன்றைக்கு இப்படி எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்:

“பில்லில் ஒவ்வொரு பொருளின் தொகையையும் முழு ரூபாயாக்கு

வரிக்கு வரி பைசா அச்சாவதால் வாடிக்கையாளர்கள் குழம்புவதாக மருந்துக்கடையிலிருந்து சொன்னார்கள். அச்சில் மட்டும் மாற்றாமல் கணக்கிலேயே முழு ரூபாயாக்கியிருக்கிறேன். இதனால் பல பொருள்கள் உள்ள பில்லில் மொத்தம் ஓரிரு ரூபாய் மாறலாம். எல்லாக் கடைகளுக்கும் இது பொருந்தும்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதும்போதே அவர் கை நின்றிருக்கும். ‘மொத்தம் மாறலாமா? எல்லாக் கடைக்குமா?’ என்று அவரே திரும்பிப் போய், அச்சில் மட்டும் முழு ரூபாயாகக் காட்டிவிட்டுக் கணக்கைப் பைசாவிலேயே விட்டிருப்பார். அவர் கவனிக்காவிட்டாலும் ரிவ்யூ செய்த நீங்கள் கவனித்திருப்பீர்கள். கமிட் செய்தியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். காரணத்தை எழுத உட்காரும்போது, எழுதுகிறவருக்கே தன் தவறு தெரிய வருகிறது. பின்னால் வந்து படிப்பவருக்குக் கிடைக்கும் பயன் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ‘பில் அப்டேட்’டைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் நீங்கள். “அன்றைய அவசரத்தில் பார்த்து அனுப்பிவிட்டேன்” என்று நேர்மையாகவே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த ஒரு ரூபாய்க்கு இருவர் பொறுப்பு. தம்பியிடம் இதை நீங்கள் வாய்விட்டுச் சொன்னால், இந்த ஐந்து மாதத்தில் சொன்ன எல்லாவற்றையும்விட அது அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கும்.

படிப்பவர் யார் என்று காட்டுங்கள்

பெரும்பாலான புதியவர்களுக்குக் கமிட் செய்தி என்பது, சேமிக்கும்போது வழியை மறிக்கும் ஒரு பெட்டி. கல்லூரிப் புராஜெக்டில் அதை யாரும் திரும்பிப் படிப்பதில்லை. படிப்பவர் உண்டு என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காட்டுவது எளிது. அரை மணி நேரம் அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். உங்களுக்கே புரியாத ஒரு பழைய வரியைத் தேர்ந்தெடுங்கள். நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காத்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளில் ‘கிட் பிளேம்’ கட்டளையைக் கொடுத்தால் அந்த வரியைக் கடைசியாக மாற்றியவர் யார், எந்தக் கமிட்டில் மாற்றினார் என்று வரும். அந்தச் செய்தியைத் திறந்து, காரணம் கிடைக்கிறதா என்று இருவரும் தேடுங்கள். கிடைத்தால் அவருக்கு ஒரு நல்ல மாதிரி. கிடைக்காவிட்டால் இன்னும் நல்லது, எரிச்சல் அவருக்கே வரும். ஆஸ்பத்திரி வார்டில் கேஸ் ஷீட்டில் ‘மருந்து மாற்றப்பட்டது’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இரவுப் பணிக்கு வருகிற நர்ஸ் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பிறகு ‘கிட் பைசெக்ட்’ எப்படி வேலை செய்கிறது என்று காட்டுங்கள். ஆயிரம் கமிட்டுகளுக்குள் எங்கோ பிழை நுழைந்திருக்கிறது என்றால், பாதியாகப் பாதியாகப் பிரித்துச் சோதித்து ஏறத்தாழ பத்தே சோதனைகளில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண்டுபிடித்த கமிட்டில் பில் கணக்கும், பட்டன் நிறமும், பிரிண்டர் அமைப்பும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தால் தேடியதில் பயனில்லை. ஒரு கமிட்டில் ஒரு வேலை என்ற பழக்கம் இதிலிருந்து வருகிறது. விதியாகச் சொன்னால் மறந்துவிடுவார். இந்தத் தேடலை ஒருமுறை கையால் செய்தவர் மறக்க மாட்டார்.

வடிவத்தைப் பற்றி அதிகம் அலட்ட வேண்டாம். 2005-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை உருவாக்கினார். அதன் கையேடு சொல்வது எளிமையானது: ஐம்பது எழுத்துகளுக்குள் ஒரு தலைப்பு வரி, அடுத்து ஒரு வெற்று வரி, அதன் கீழ் விரிவான விளக்கம். தலைப்பை ‘மாற்றினேன்’ என்று எழுதாமல் ‘மாற்று’ என்று ஏவலில் எழுதுவது வழக்கம். கமிட் செய்யும்போது கண்ணில் படும்படி ஒரு மாதிரிப் படிவம் வைக்கவும் கிட்டில் வசதி இருக்கிறது. அதில் மூன்று கேள்விகளைப் போட்டு வையுங்கள்: முன்பு என்ன நடந்தது, ஏன் மாற்ற வேண்டியிருந்தது, இந்த மாற்றத்தால் வேறு எது அசையும். அந்த வரிகளின் முன் ‘#’ குறி போட்டால் அவை செய்தியில் சேராது. எட்டுப் பேருக்கும் வையுங்கள், அவருக்கு மட்டும் வேண்டாம்.

முதல் சில வாரங்களுக்கு அவர் தமிழிலேயே எழுதட்டும். கிட் யுனிகோடை ஏற்பதால் தமிழ்ச் செய்தி அதற்கு ஒரு பொருட்டல்ல. உங்கள் நிறுவனத்தில் ஆங்கிலம்தான் வழக்கம் என்றால், தமிழில் வரைவு எழுதிய பிறகு இருவரும் சேர்ந்து ஆங்கிலமாக்குங்கள். சிறுசிறு வாக்கியங்கள் போதும். காரணம் தெளிவாக இருந்தால், சுமாரான ஆங்கிலத்தில் எழுதிய செய்தியும் நல்ல செய்திதான்.

இங்கேதான் அந்தக் கருவியின் விஷயம் வருகிறது. அவர் அதை நாடியதில் எனக்கு வியப்பில்லை. ஆங்கிலம்தான் குறை என்று நீங்கள் காட்டிக்கொண்டே இருந்தீர்கள், அவர் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொண்டார். மாறிய வரிகளை மட்டும் பார்த்து எழுதும் கருவிக்கு அந்த வரிகள்தான் தெரியும். மருந்துக்கடையிலிருந்து வந்த போன் தெரியாது. அதனால் ‘தொகை கணக்கிடும் முறையை மேம்படுத்தி, வாசிப்பு எளிமையைக் கூட்டி’ என்று பத்து வரி எழுதும். பத்திலும் காரணம் இருக்காது. ‘பில் அப்டேட்’டாவது தன்னிடம் ஒன்றும் இல்லை என்று வெளிப்படையாகக் காட்டிக்கொள்கிறது. தடை போடாதீர்கள், ஒளித்துச் செய்யத் தொடங்குவார். காரணத்தை முதலில் அவர் தன் சொற்களில் எழுதட்டும், மொழியைச் சீராக்க மட்டும் கருவியைப் பயன்படுத்தட்டும். வாடிக்கையாளர் பெயர்களும் நிரலும் வெளிக் கருவிகளுக்குப் போவதை நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதையும் நிர்வாகியிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். அதைத் தம்பியே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல.

உங்கள் நாற்பது குறிப்புகள்

‘தவறு.’ ‘மாற்றவும்.’ ‘ஏன் இப்படி?’ நீங்கள் அனுப்பியிருந்த இந்தக் குறிப்புகளை அவருடைய ‘ஃபிக்ஸ்’, ‘சேஞ்சஸ்’ ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரிடம் இல்லாத அதே பொருள்தான் உங்களிடமும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது, ஏன் என்பது இல்லை. ஐந்து மாதமாக அவர் படித்துக் கற்றுக்கொண்ட எழுத்து உங்களுடையது. கோபத்தோடு இதைச் சொல்லவில்லை. உங்கள் கையிலேயே தீர்வு இருப்பதால் சொல்கிறேன்.

‘மாற்றவும்’ என்பதற்குப் பதிலாக, ‘இந்தத் தொகை கடை விவரம் வராதபோது காலியாக இருக்கும், அப்போது பில் அச்சாகாது. முதலில் அதைச் சோதித்துவிட்டால் நல்லது’ என்று எழுதிப் பாருங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும். அந்த ஒரு குறிப்பிலிருந்து அவர் இன்னும் பத்து இடங்களைத் தானே சரிசெய்வார். ‘ஏன் இப்படி?’ என்பது உங்களுக்குக் கேள்வியாக இருக்கலாம், படிக்கிறவருக்கு அது கன்னத்தில் அறை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால், ‘இந்த வழியைத் தேர்ந்ததற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? எனக்குப் பிடிபடவில்லை’ என்று கேளுங்கள். ‘முன்பே சொன்னேன்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். அதனால் யாரும் எதையும் கற்றதில்லை.

எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். நாற்பது குறிப்புகளில் எது பிழை, எது உங்கள் விருப்பம் என்று புதியவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ‘ஓகே மேடம்’ சொல்லிவிடுவார். கட்டாயம் திருத்த வேண்டியவற்றுக்குத் ‘தேவை’ என்றும், மற்றதற்கு ‘விருப்பம்’ என்றும் முன்னால் போடுங்கள். இடைவெளி, பெயர் வைக்கும் முறை போன்றவற்றை நிரலின் வடிவைத் தானே சீராக்கும் ஃபார்மேட்டர் கருவியிடமும், நடைக் குறைகளைத் தானே சுட்டும் லின்ட் கருவியிடமும் விட்டுவிடுங்கள். கணினி சுட்டிக்காட்டினால் யாருக்கும் வலிப்பதில்லை. அடிப்படை அணுகுமுறையே தவறு என்று பட்டால் எழுதவே வேண்டாம். எழுந்து போய்ப் பேசுங்கள், பேசி முடித்ததை அவரே ரிவ்யூவில் இரண்டு வரியாக எழுதட்டும். நன்றாகச் செய்த இடத்தில், ஏன் நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் ‘சூப்பர்’ போதாது.

மாற்றம் பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்பிச் சிறு துண்டுகளாகக் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கேட்ட பிறகு மூன்று நாள் காக்க வைக்கக் கூடாது. கூகுள் வெளியிட்டிருக்கும் ரிவ்யூ வழிகாட்டி, பதில் சொல்ல அதிகபட்சம் ஒரு வேலைநாள் என்கிறது. சிறு குழுவுக்கும் அது நடக்கக்கூடியதுதான்.

இரவில் நீங்களே திருத்தி எழுதுவதை இன்றோடு நிறுத்துங்கள். அவரைக் காப்பாற்றுவதாக நினைக்கிறீர்கள். காலையில் வந்து தன் நிரல் காணாமல் போயிருப்பதைப் பார்க்கும் அவருக்கு, ‘உன்னால் ஆகாது’ என்ற செய்திதான் போய்ச் சேருகிறது. எதை ஏன் மாற்றினீர்கள் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை. உங்கள் தூக்கமும் போகிறது. இரண்டு நாள் தாமதமாகும் என்றால் தாமதமாகட்டும், நிர்வாகியிடம் அதைச் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

அதற்குப் பதில் உங்கள் நிரலை அவரிடம் ரிவ்யூவுக்குக் கொடுங்கள். ‘புரியாத இடங்களில் கேள்வி மட்டும் எழுதினால் போதும்’ என்று சொல்லுங்கள். டீக்கடையில் கேட்கும் கேள்விகள் மெதுவாக அங்கே வந்து சேரும். அந்த ‘அண்ணே’ பையனையே சில வாரங்கள் முதல் ரிவ்யூவராக வைத்து, இரண்டாவதாக நீங்கள் பார்க்கலாம். அதைக் கௌரவப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய செய்திகள்

திருத்தச் சொல்லாதீர்கள். குழுவில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொது பிராஞ்சில் (நிரலின் கிளையில்) சேர்ந்துவிட்ட ஒரு கமிட்டின் செய்தியை மாற்றினால் அதன் அடையாள எண் மாறும். அதற்குப் பின்னால் வந்த எல்லாக் கமிட்டுகளின் எண்களும் மாறும். மற்ற ஏழு பேரின் பிரதிகளும் பொருந்தாமல் போகும். அனுப்புவதற்கு முன் தன் கணினியில் இருக்கும் கமிட்டை ‘அமெண்ட்’ செய்து எழுதலாம், அந்தப் பழக்கத்தை இப்போதே சொல்லிக்கொடுங்கள். ஏற்கெனவே போனதில் மிக முக்கியமான ஒன்றிரண்டுக்கு மட்டும் ‘கிட் நோட்ஸ்’ மூலம் பின்குறிப்பு சேர்க்கலாம். அவை தானாக மற்றவர்களுக்குப் போய்ச் சேராது, தனியே அனுப்ப வேண்டும். ஐந்து மாதச் செய்திகளையும் உட்கார்ந்து எழுதச் சொல்வது இம்போசிஷன் கொடுப்பதுதான். அதில் பாடம் எதுவும் இல்லை.

நிர்வாகிக்கு என்ன எழுதுவது

உங்கள் முன் இருப்பவை மூன்று வழிகள்: வேலையை உறுதிசெய்வது, தகுதிகாண் காலத்தை நீட்டிப்பது, வேண்டாம் என்பது. மூன்றாவதை நான் ஆதரிக்க மாட்டேன். நீங்களே எழுதியபடி அவருடைய வேலை சரியாக இருக்கிறது. குறை என்று சொல்லும் விஷயத்தை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்காத பாடத்தில் மதிப்பெண் போட முடியாது. நீட்டிக்கலாமா என்றால், நியமனக் கடிதத்தில் நீட்டிப்பு பற்றியும் முன்னறிவிப்பு பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். நீட்டிப்பதாக இருந்தால், எதை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். முதல் பட்டதாரி இருக்கும் வீட்டில் ‘இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை’ என்ற செய்தி என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் கருத்து, உறுதிசெய்யும்படி எழுதுங்கள். அடுத்த மூன்று மாதங்களுக்கான வழிகாட்டல் திட்டம் ஒன்றைக் கூடவே இணையுங்கள்.

ரிவ்யூக் குறிப்புகளின் எண்ணிக்கையையோ, கமிட்டுகளின் எண்ணிக்கையையோ அந்த அறிக்கையில் சேர்க்காதீர்கள். நிரலைக் கூடிப் பரிசோதிக்கும் முறையை 1976-ல் ஐபிஎம் நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் கட்டுரையாக எழுதியபோதே, அதில் வெளிப்படும் விவரங்களை வைத்துப் புரோகிராமரின் திறனை மதிப்பிடக் கூடாது என்று எச்சரித்தார். ரிவ்யூ சம்பளத்தைத் தொடும் என்று தெரிந்த நாளிலிருந்து யாரும் அங்கே தன் சந்தேகத்தை எழுத மாட்டார்கள். எட்டுப் பேரும் ‘ஓகே மேடம்’ ஆகிவிடுவார்கள்.

அதே அறிக்கையில் உங்களுக்காகவும் ஒன்று கேளுங்கள். வாரத்தில் குறிப்பிட்ட சில மணி நேரம் ரிவ்யூவுக்கும் வழிகாட்டலுக்கும் என்று ஒதுக்கி, அந்த அளவுக்கு உங்கள் சொந்த வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இப்போது இது மற்ற வேலைகளின் இடுக்கில், இரவு பத்து மணிக்கு மேல் நடக்கிறது. அந்த நேரத்தில் எழுதும் குறிப்பு ‘தவறு’, ‘மாற்றவும்’ என்றுதான் வரும். நிர்வாகி தயங்கினால் ஆடி மாதக் கணக்கை எடுத்து வையுங்கள்: தேடியதில் போன நேரம், பின்வாங்கியதால் வந்த இரண்டாவது புகார், இரண்டு வாடிக்கையாளர்களின் அதிருப்தி. தம்பியைப் பற்றிய அறிக்கையோடு இந்தக் கோரிக்கையும் ஒன்றாகவே போகட்டும்.